மேல்குரல் நிற்கும் பக்கம்

பேட்டி எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான். "உங்க இசைப் பின்னணி என்ன?" இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருத்தி கிட்டாரைத் தூக்கிக்கொண்டு சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிறாள் என்றால், பெரிய வித்வான் யாருடைய காலடியிலாவது கிடந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பரம்பரை ரத்தத்தில் சங்கீதம் ஓட வேண்டும் என்று நினைப்பு. எங்கள் பரம்பரையில் ஓடியது சோப்புத் தண்ணீர். அப்பாவும் அம்மாவும் சலவைக் கடை வைத்திருந்தார்கள். "எங்க குரு வாஷிங் மிஷின்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். வந்தவர் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். நான் விளையாட்டுக்குச் சொன்னதில்லை.

கடையின் பின்னறையில் பெரிய இயந்திரங்கள் சுவரை ஒட்டி நிற்கும். துணியைப் பிழிகிற நேரத்தில் அவை ஒரே சுருதியில் 'ம்ம்ம்' என்று இழுக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் அக்காவும் அங்கே நின்று, காய்ந்த போர்வைகளை ஆளுக்கு ஒரு முனை பிடித்து மடிப்போம். அந்த 'ம்ம்ம்' மேல் ஏறி நின்றுகொண்டு அக்கா வாய்க்கு வந்ததைப் பாடுவாள். எனக்கும் ஆசையாக இருக்கும். அதே மெட்டில் நான் வாயைத் திறந்தால் போதும், போர்வையை வெடுக்கென்று இழுப்பாள். "என் மேல வந்து விழாதடி. தள்ளி நின்னு பாடு."

தள்ளி என்றால் எங்கே போவது? மேலே போனால் எனக்குத் தொண்டை கிழியும். கீழே இறங்கித் தேடினேன். அவள் சுரத்துக்குக் கொஞ்சம் கீழே ஓர் இடம் கிடைத்தது. அங்கே நின்றால் அவளை இடிக்காமலும், விட்டுப் பிரியாமலும் கூடவே போக முடிந்தது. அவள் எந்தப் பக்கம் திரும்புவாள் என்று முன்கூட்டியே தெரிய வேண்டுமே, அதற்காக அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். என் சங்கீதப் படிப்பு மொத்தமும் அவ்வளவுதான்.

பிறகு அதுவே பிழைப்பாயிற்று. மெட்டும் வரியும் அக்காவுடையவை. கிட்டாரும் கீழ்க்குரலும் என்னுடையவை. இரண்டு பேருக்கும் ஒரே மைக், அவள் இடது பக்கம், நான் வலது பக்கம். காபிக் கடைகள், கல்லூரிகள், புத்தகக் கடை மாடிகள் என்று கூப்பிட்ட இடமெல்லாம் போனோம். பாட்டு முடிந்ததும் யாராவது வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்குவார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களும் நல்லா வாசிக்கிறீங்க" என்பார். அந்த 'நீங்களும்' இருக்கிறதே, கேட்டுக் கேட்டு என் காதே புண்ணாகிவிட்டது. அக்காவுக்கு இதெல்லாம் கண்ணில் படாது. பட்டாலும், "உனக்கு மூக்கு நுனியிலதான் கோவம்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

நுரையீரலில் வந்த நோய் அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. கடைசி வருஷம் ஒரு வரியை ஒரே மூச்சில் பாட முடியாமல் சொல்லுக்கு நடுவிலேயே மூச்சு வாங்குவாள். அதையும் மெட்டில் ஒரு வளைவு மாதிரி ஆக்கிக்கொண்டாள், கெட்டிக்காரி. அப்புறம் போய்விட்டாள்.

நான் அழுதேன். நிறையவே அழுதேன். அழுது முடித்தபின் எனக்கு ஒரு வைராக்கியம் வந்தது. ஒரே ஒரு பாட்டு, நானே கட்டி, நானே பாடி, கேட்கிறவர்கள் "இன்னொருத்தர் எங்கே?" என்று கேட்காத ஒரு பாட்டு வேண்டும். பாதி ஆளாகவே பிறந்து பாதி ஆளாகவே போய்ச் சேரக் கூடாது. எனக்கு வேறு பேராசை கிடையாது.

எழுதினேன். ஒரு தொகுப்புக்குத் தேவையான அளவு பாட்டு சேர்ந்தது. தனியாக மேடை ஏறினேன். அங்கேதான் வந்தது வினை. பாட்டு முடிந்தபிறகும் யாரும் கை தட்டுவதில்லை. பிடிக்காமல் இல்லை. எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்திருப்பார்கள். நான் கிட்டாரைக் கீழே இறக்கி, "அவ்வளவுதாங்க" என்று சொன்னால்தான் ஓஹோ என்று விழித்துக்கொண்டு தட்டுவார்கள். எல்லா ஊரிலும், எல்லாப் பாட்டுக்கும் இதே கதை. பாட்டு முடிந்தது தெரியாத ஜனங்களுக்கு என்ன பாடி என்ன என்று வீட்டுக்கு வந்து பாத்திரத்தை உருட்டுவேன்.

இன்னொன்றும் இருந்தது. ஒரு நிகழ்ச்சியை யாரோ கைபேசியில் எடுத்துப் போட்டிருந்தார்கள். கீழே ஒருவர் எழுதியிருந்தார்: 'இவங்க யாரைப் பாத்துப் பாடுறாங்க?' வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். மேடையின் நடுவில் விளக்கு வட்டமாக விழுந்திருக்கிறது. நான் அந்த வட்டத்தின் வலது ஓரத்தில், பாதி இருட்டில் நிற்கிறேன். பாட ஆரம்பித்ததும் தலையை இடது பக்கம் சாய்த்து, அங்கே யாருமில்லாத இடத்தைக் கண்கொட்டாமல் பார்க்கிறேன். அதன்பிறகு கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தேன்.

தொகுப்பைப் பதிவு செய்ய பஞ்சுவிடம் போனேன். அவருடைய சொந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஒலிப்பதிவுக் கூடம் ஆரம்பித்த புதிதில் பழைய மெத்தைகளைக் கிழித்து அந்தப் பஞ்சையெல்லாம் சுவரில் அடைத்தார் என்பதால் பஞ்சு. கூடம் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. கீழே காற்றடிக்கிற கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தால் மேலே பதிவை நிறுத்த வேண்டும். அதனால் பஞ்சுவுக்குக் காத்திருந்து காத்திருந்து பேச்சே குறைந்துவிட்டது. எங்கள் இரண்டு பேருடைய ஒரே தொகுப்பையும் பதிவு செய்தவர் அவர்தான்.

முதலில் சட்டைப் பாட்டை எடுத்துக்கொண்டோம். சலவைக் கடையில் யாரும் திரும்ப வந்து வாங்காத துணி சில உண்டு. அதைப் பற்றிக் கட்டியது.

*வாங்க வராத சட்டை ஒண்ணு*
*ஆணி மேல தொங்குது.*
*தோளும் இல்ல, கையும் இல்ல,*
*காத்து மட்டும் தங்குது.*

பாடி முடித்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். பஞ்சு பதிவை நிறுத்தவில்லை. இன்னும் வரும் என்று காத்திருந்தார்.

"நீங்களுமா?" என்றேன். "முடிஞ்சிடுச்சு!"

அவர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். "ஒண்ணு சொல்வேன், கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்கக் கூடாதுன்னு ஆரம்பிச்சாலே எனக்குக் கோவம் வரும். சொல்லுங்க."

"இது பாட்டு இல்ல. பாட்டோட கீழ்ப்பாதி."

எனக்குப் புரியவில்லை. அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஸ்பீக்கர் முன்னால் உட்கார வைத்தார். கிட்டாரின் சத்தத்தை எடுத்துவிட்டு என் குரலை மட்டும் ஓடவிட்டார். கடைசிச் சொல் வந்தது. கிட்டார் இல்லாமல் கேட்டால், என் குரல் வீட்டுக்குள் போகாமல் வாசலிலேயே நிற்கிறது. அப்போது பஞ்சு பக்கத்திலிருந்த கீபோர்டில், அந்தச் சொல்லுக்கு மேலே ஒரே ஒரு கட்டையை அழுத்தினார்.

பாட்டு முடிந்தது. நிஜமாகவே முடிந்தது. யாரோ கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஆனால் அந்தச் சுரம் என்னுடையது இல்லை. அது யார் போய் நிற்கிற இடம் என்று எனக்குத் தெரியும்.

"நீங்க கட்டுறது எல்லாமே இப்படித்தான் இருக்கு," என்றார் பஞ்சு. "நீங்க அனுப்பின அத்தனையும் கேட்டுட்டேன். எல்லாமே கீழ்க்குரல்."

"வாயை மூடுங்க," என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டேன்.

டயர் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு டயரை உருட்டி வந்து போட்டார். அதன்மேல் உட்கார்ந்து, என் பாட்டுகளை ஒவ்வொன்றாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஆத்திரம்தான், அந்த ஆள் சொன்னதைப் பொய்யாக்க வேண்டும் என்று. ஒன்றாவது தப்பிக்கும் என்று பார்த்தேன். ஒன்றும் தப்பவில்லை. எல்லாப் பாட்டுக்கு மேலேயும் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தேன். அதைவிட, வரிகளுக்கு நடுவில் நான் நிறுத்துகிற இடங்கள்! சொல்லின் பாதியில் ஒரு சின்ன நிறுத்தம் வைத்திருந்தேன். அழகுக்காக வைத்தேன் என்று நினைத்திருந்தேன். எனக்கு எதற்கு அங்கே நிறுத்தம்? என் நுரையீரலுக்கு ஒன்றும் கேடில்லை. அது அக்கா மூச்சு வாங்குகிற இடம்.

தனியாக உட்கார்ந்து எழுதினேன் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம், மேலே ஒருத்தி பாடிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அதைக் கேட்டுக் கேட்டுத் துணைக்குப் போயிருக்கிறேன். அவள் போய் இத்தனை நாள் கழித்தும், என்னைக் கேட்காமல் என் வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கட்டியிருக்கிறாள். பயமாக இருந்தது. பயத்தைவிட ரோஷம் அதிகமாக இருந்தது. செத்தும் என்னை முன்னால் நிற்க விட மாட்டாயா என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். டயர் கடைக்காரர் தண்ணீர் வேண்டுமா என்றார்.

மேலே ஏறிப் போனபோது பஞ்சு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"மேல்குரலுக்கு எனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு இருக்கு," என்றார். "நல்லா பாடும். நாளைக்கு வரச் சொல்லவா?"

"அந்த இடத்துல எவளாவது வந்து நின்னா உங்க மிஷினெல்லாம் உடைஞ்சிடும். நானே பாடுறேன்."

"ரெண்டும் நீங்களேவா?"

"ஏன், எனக்கு வாய் இல்லையா?"

அவர் யோசித்தார். "நல்லதுதான். மேல்குரலை நீங்களே புடிச்சிட்டா, கீழ்க்குரலைத் தூக்கிடலாம். மேல்குரல் தனியா நிக்கும். அது முழுப் பாட்டா இருக்கும். நீங்க கேட்ட தனிப் பாட்டு."

அதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. அவ்வளவுதானே விஷயம், மேலே ஏறி நின்றால் போயிற்று. ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். என்னுடைய கீழ்க்குரல் காதில் ஓட, அதற்கு மேலே பாட ஆரம்பித்தேன். இரண்டாவது வரியிலேயே வழுக்கிவிட்டேன். மறுபடி தொடங்கினேன். மறுபடியும் கால் தானாகப் படியிறங்குகிற மாதிரி குரல் கீழே போய் என் பழைய குரலோடு ஒட்டிக்கொண்டது. பஞ்சு சலிக்காமல் ஓடவிட்டார். நான் என்னையே திட்டிக்கொண்டேன், அக்காவைத் திட்டினேன், இடையில் ஓடிய கம்ப்ரஸரையும் விடவில்லை. கடைசியில் பஞ்சு மைக்கில் சொன்னார்:

"கிட்டாரைக் கழட்டி வெச்சிடுங்க. அந்தப் பக்கம் போய் நில்லுங்க."

"எந்தப் பக்கம்?"

"அவங்க நிக்கிற பக்கம்."

போனேன். மைக்குக்கு இடது பக்கம் நான் ஆயுசில் நின்றதில்லை. கையில் கிட்டார் இல்லாமல் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. அக்கா என்ன செய்வாள் என்று யோசித்து, முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டேன். பாட்டு ஆரம்பித்தது. கீழே என் குரல் வந்தது. இத்தனை வருஷமாக நான் பாடிய குரல்தான், ஆனால் இந்தப் பக்கத்திலிருந்து அதை நான் கேட்டதே இல்லை. அடேயப்பா, எவ்வளவு திடமாக இருந்தது! சாய்ந்தால் தாங்கும் போல இருந்தது. சாய்ந்தேன். மேலே போனேன். சொல்லின் நடுவில் நின்று, வேண்டாத இடத்தில் மூச்சு வாங்கி, மறுபடி எடுத்து, கடைசிச் சொல்லுக்கு வந்து, அந்தச் சுரத்தில் கால் வைத்து நின்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பஞ்சு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டிருந்தார். ஹெட்போனைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தார். யாராவது வந்துவிட்டார்களா என்று பார்க்கிற பார்வை. பிறகு என்னைப் பார்த்தார்.

"வந்து கேளுங்க," என்றார்.

இரண்டு குரலையும் சேர்த்து ஓடவிட்டார். அக்கா பாடினாள். அக்கா மாதிரி ஒருத்தி இல்லை, அக்கா. அந்தச் சட்டையை, அவள் இறந்தபிறகு நான் எழுதிய வரியை, அவள் பாடினாள். 'காத்து மட்டும்' என்ற இடத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. கீழே நான் பாடிக்கொண்டிருந்தேன், எப்போதும் போல. எனக்கு ஓடிவிட வேண்டும் போலவும் இருந்தது, அந்த ஸ்பீக்கரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. பஞ்சு மறுபடி முதலிலிருந்து போட்டார். அவருக்கும் நம்பிக்கை வரவில்லை போல.

அந்த நேரத்தில்தான் அத்தான் வந்தார். அத்தான் என்றால் அக்காவின் கணவர், டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். மத்தியான வகுப்பு முடிந்ததும் என்னை வீட்டில் விடுவதற்காக வந்திருந்தார். எதற்கும் அவசரப்படாத மனிதர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டே அடுத்தவர் ஓட்டுகிற காருக்குப் பிரேக் போட்டுப் பழகியவர். அவர் அன்றைக்குச் செருப்பைக்கூடக் கழற்றாமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து நின்றார். படிக்கட்டிலேயே கேட்டுவிட்டிருக்கிறார்.

பாட்டு முடிகிறவரை நின்று கேட்டார்.

"இது எப்போ எடுத்தது?" என்று கேட்டார்.

பஞ்சு என்னைப் பார்த்தார்.

"நான் இந்தப் பாட்டைக் கேட்டதே இல்லையே. அவ எப்போ பாடினா? ஏன் என்கிட்ட யாருமே சொல்லல?"

"அத்தான்..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. வரவில்லை என்பது பாதி உண்மை. மீதி, எனக்கு வயிறு எரிந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் குரலைக் கேட்கிற மனிதர். அந்தப் பாட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன், அவர் காதில் நான் விழவே இல்லை.

"தம்பி," என்று பஞ்சுவிடம் போனார். அக்கா போனதிலிருந்து அவர் பஞ்சுவிடம் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றுதான். பழைய பதிவிலிருந்து அவள் குரலை மட்டும் பிரித்துத் தர முடியுமா என்று. ஒரே மைக்கில் ஒன்றாகப் பாடியது. எப்படிப் பிரிப்பது? பஞ்சு கம்ப்யூட்டரில் என்னென்னவோ செய்து பார்த்தார். தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ பேசுகிற மாதிரி வந்தது. அதைக் கேட்டுவிட்டு அத்தான் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். இப்போது மறுபடியும் அதையே கேட்டார், ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் கேட்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு. "இதுல அவ குரல் மட்டும் தனியா வருமா?"

பஞ்சு எனக்குத் தலையசைத்தார், வேண்டாம் என்று.

"வரும்," என்றேன் நான். "போடுங்க."

"வேணாங்க..."

"போடுங்கன்னு சொல்றேன்ல!"

பஞ்சு கீழ்க்குரலை எடுத்துவிட்டு ஓடவிட்டார். நானும் அதை அப்போதுதான் முதல்முறையாகத் தனியாகக் கேட்டேன். அத்தான் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து நின்றார். முதல் வரி போயிற்று. இரண்டாவது வரியில் அவர் புருவம் சுருங்கியது. மூன்றாவது வரியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இது நீதானே?"

"ஆமா அத்தான். ரெண்டுமே நான்தான்."

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நன்றாகவே இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். முழுசாக இருந்தது. என் குரல் தனியாகப் போய், தடுமாறாமல், போய்ச் சேர வேண்டிய இடத்தில் போய்ச் சேர்ந்தது. பக்கத்தில் யாரும் இல்லை, யாருக்கும் இடமும் இல்லை. நான் கேட்டது இதுதான். கேட்டபடியே கிடைத்துவிட்டது.

"நல்லா இருக்கும்மா," என்றார் அத்தான். மனதாரத்தான் சொன்னார். "ரொம்ப நல்லா பாடியிருக்கே." பிறகு ஸ்பீக்கரையும் பஞ்சுவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வெளியே போயிருந்தவர் வீட்டுக்குள் வந்ததும் கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார்.

"அவ எங்க போனா?"

அவருக்குப் புரியாமல் இல்லை. புரிந்துதான் கேட்டார். பஞ்சுவைத் தள்ளிவிட்டு அவர் மேஜைக்கு நானே போனேன். அவர் எடுத்துவிட்டிருந்த என் கீழ்க்குரலின் சத்தத்தை நானே மறுபடி ஏற்றினேன்.

"முதல்லேர்ந்து போடுங்க," என்றேன். "இப்படியே வெளியிட்டுடலாம். ரெண்டும் சேர்த்து."

"அப்போ இது உங்க தனிப் பாட்டு இல்லையே," என்றார் பஞ்சு மெதுவாக.

"இல்லதான். போடுங்க."

போட்டார். அக்கா வந்தாள். அத்தான் அங்கேயே தரையில் உட்கார்ந்து, ஸ்பீக்கரை நோக்கி முகத்தை வைத்துக்கொண்டார். பாட்டு முடிகிற வரைக்கும் என் பக்கம் திரும்பவே இல்லை.